ஜீப் ஹூட்டின் பின் ஜன்னல் பட்டை பிரிந்தால் ஒட்டுவதா, தைப்பதா?

உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்களிடம் இருப்பது 2010இல் வெளிவந்த வகையைச் சேர்ந்த பழைய மகிந்திரா தார். அதன் ரெக்ஸின் ஹூட்டில், அதாவது கழற்றி மாட்டும் கூரையில், பின் ஜன்னலைச் சுற்றித் தைத்திருக்கும் கறுப்புப் பட்டை, இடப்புற மேல் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து தொங்குகிறது. மழை பெய்தால் பின் இருக்கை நனைகிறது. கடையில் கிடைக்கும் பசையை வைத்து ஒட்டிவிடலாமா, ஊரில் சொல்வதுபோல ஹூட் முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா, எப்படியும் பிரிக்கப்போகிறோம் என்பதால் ஜன்னலுக்குக் கறுப்பு ஷீட் போட்டுக்கொள்ளலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

ஒட்ட வேண்டாம், தைக்க வேண்டும். ஹூட்டின் ரெக்ஸின் இன்னும் வலுவாக இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. கறுப்பு ஷீட் போடாதீர்கள். இவற்றுள் முதல் பதிலுக்கான காரணத்தைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டை பிரிவதைக் கண்டவுடன் பசைக் குழாயைத் தேடுவது இந்த வேலையில் மிகப் பரவலான வழக்கம், பின்னால் வரும் ஒழுங்கான தையலையும் கெடுத்துவிடுவது அந்தப் பசைதான்.

ஜன்னல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். உங்கள் வண்டியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த ஹூட்டாக இருந்தாலும், நம் பக்கத்தில் யாரோ தைத்துக் கொடுத்ததாக இருந்தாலும், அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ரெக்ஸினில் ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டி, அதைவிடச் சற்றுப் பெரிய ஒளி ஊடுருவும் பி.வி.சி. ஷீட்டை உட்புறமாக வைத்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தில் சுற்றிலும் தைத்துவிடுவார்கள். வெட்டிய விளிம்பும் தையலும் வெளியே தெரியாதிருக்கவும், மேலிருந்து வழியும் தண்ணீர் ஊசித் துளைகளுக்குள் நேராக இறங்காதிருக்கவும், அதன்மேல் பட்டையை வைத்து இன்னொரு வரிசை தைப்பார்கள். ஆக, ஜன்னலைத் தாங்குவது நூல். பட்டை அந்த நூலை மூடிக் காப்பது மட்டுமே. பட்டை தானாகப் பிரிகிறது என்றால் அதைப் பிடித்திருந்த மேல் வரிசை நூல் இற்றுப்போய்விட்டது என்று பொருள், அதே காலத்தில் அதே வெயிலைக் கண்ட கீழ் வரிசையும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கும். இதைச் சோதிப்பது எளிது. பிரியாத பக்கத்தில் ஏதேனும் ஒரு தையலை ஊசி முனையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். நூல் இழுபட்டு எதிர்த்தால் நல்லது, தொட்டதும் அறுந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ நான்கு பக்கத்தையும் பிரித்துத் தைக்க வேண்டிய வேலை அது. ஒரு சாண் பிரிந்திருக்கிறது என்று ஒரு சாணுக்கு மட்டும் தைத்தால், அடுத்த ஆடிக்காற்றில் மறுமூலை பிரியும்.

ஆடிக்காற்றைச் சும்மா சொல்லவில்லை. உசிலம்பட்டியிலிருந்து தேனி, கம்பம் நோக்கிப் போகும் சாலையில் ஆனி, ஆடி மாதங்களில் எதிர்க்காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஓடும் வண்டியில் ஹூட்டின் பின்புறம் உள்ளிருந்து வெளியே உப்பும், வேகம் குறையும்போது உள்ளே தளரும். இந்த உப்பலும் தளர்வும் ஓயாமல் நிகழும்போது சுமை முழுவதும் ஜன்னலின் மேல் மூலைகளில் போய்ச் சேர்கிறது. இதனுடன் வெயிலும் சேர்கிறது. கத்திரி வெயிலில் மதுரை வட்டாரத்தில் நிழலிலேயே 40 பாகை செல்சியஸை ஒட்டி வெப்பம் இருக்கும்போது, வெயிலில் நிற்கும் கறுப்பு ஹூட்டின் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். பி.வி.சி.யை வளையும் தன்மையுடன் வைத்திருப்பதற்காக அதில் கலக்கப்பட்டிருக்கும் மென்மையாக்கிகள் இந்தச் சூட்டில் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல ரெக்ஸினும் ஷீட்டும் விறைத்து, அளவிலும் சற்றுச் சுருங்குகின்றன. சுருங்கிய ஹூட்டை அதே பழைய கொக்கிகளுக்கு இழுத்து மாட்டும்போது, கூடுதல் இழுவையை ஏற்பது நடுவில் இருக்கும் ஜன்னல்தான். ஆகவே, தைப்பதற்கு முன்பு இந்த இழுவையைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எவ்வளவு நல்ல நூலில் தைத்தாலும் பயன் குறைவு.

ஹூட்டை முழுவதும் மாட்டி வைத்துப் பின்னால் நின்று பாருங்கள். ஜன்னலின் ஒரு மூலையிலிருந்து கீழ்க் கொக்கியை நோக்கிக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு ஓடினால் அந்தப் பக்கம் இழுவை மிகுதி. கம்பிச் சட்டத்தின் பின் வளைவு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று அளவுநாடாவால் இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். கூரைமேல் மூட்டை ஏற்றியோ, யாராவது பிடித்துத் தொங்கியோ வளைந்துபோன சட்டங்கள் நம் பக்கத்து ஜீப்புகளில் ஏராளம். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சட்டம் நேராக இருந்தும் இழுவை மிகுந்தால், கீழ் விளிம்பின் வார்களைத் தளர்த்துவதோ, பிரஸ் பட்டன்களின் இடத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றி அடிப்பதோ போதுமானதாக இருக்கும். இந்தச் சில மில்லிமீட்டரில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது என்பது என் கருத்து. தையல்காரர்கள் பலர் இதைத் தங்கள் பொறுப்பாகவே கருதுவதில்லை என்பதால் நீங்களே பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, தண்ணீர் உண்மையில் அங்கேதான் இறங்குகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே சட்டத்தின் மேல் வரும் நீள்தையலில் புகுந்த நீர், உள்துணி வழியாக ஓடி ஜன்னலின் ஓரத்தில் சொட்டக்கூடும். பார்ப்பவர் ஜன்னலைக் குற்றம் சொல்வார். ஜன்னலைச் சுற்றி உட்புறத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க, மற்றவர் வெளியே குழாயில் வேகம் குறைவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் நிறுத்தி, படிப்படியாக மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாமல் போய்விடும். பவுடரில் முதலில் கோடு விழும் இடம்தான் ஒழுகும் இடம். சர்வீஸ் நிலையத்தில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அது நல்ல தையலுக்குள்ளும் நீரைச் செலுத்திவிடும், பலவீனமான தையலைப் பிரித்தும் விடும்.

இனி பசைகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் யாரிடமாவது கேட்பீர்கள், அவரும் ஏதாவது ஒன்றைப் பரிந்துரைப்பார். ஃபெவிக்விக் போன்ற நொடியில் ஒட்டும் பசைகள் காய்ந்ததும் கண்ணாடிபோல விறைத்துவிடும். வளைந்து நெளியும் ரெக்ஸினில் அவை வெடித்துப் பிரியும்; அவற்றின் ஆவி ஷீட்டின்மேல் வெண்மையான படலமாகப் படிந்து பார்வையையும் கெடுக்கும். சிலிகோன் சீலன்ட் இதைவிடக் கேடு செய்யும். அது மென்மையான பி.வி.சி.யில் உறுதியாகப் பற்றுவதில்லை. ஒருமுறை பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று ஒட்டிக்கொண்டே இருப்பதால், அதன்மேல் வேறு எந்தப் பசையும் பிறகு பிடிக்காது. காய்ந்த சிலிகோன்மேல் இன்னொரு சிலிகோன்கூடச் சரியாகப் பிடிக்காது. காடி வாசனை வரும் வகை, அருகிலுள்ள இரும்புச் சட்டத்தில் துருவையும் கொண்டுவரும். சீட் கவர் கடைகளில் ரெக்ஸின் ஒட்டப் பயன்படுத்தும் செயற்கை ரப்பர் பசை, மூன்றில் ஓரளவு ஏற்கத்தக்கது. இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட்டு, பிறகு அழுத்தினால் முதலில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பி.வி.சி.யிலிருந்து வெளியேறும் மென்மையாக்கி அந்தப் பசைக்குள் ஊறி அதை நாளடைவில் கூழாக்கிவிடும். வெயில் காலத்தில் பட்டை வழுக்கிக்கொண்டு இறங்குவதும் ஓரமெல்லாம் பிசுபிசுப்பதும் இதனால்தான். மென்மையான பி.வி.சி.க்கென்றே தயாரிக்கப்படும் பசைகளும் பாலியூரிதேன் வகைப் பசைகளும் இந்த ஊறலைத் தாங்கும். தையலுக்குத் துணையாக அவற்றைப் பயன்படுத்தலாம், தையலுக்குப் பதிலாக அல்ல.

இன்னொரு வழி உண்டு. பி.வி.சி.யை பி.வி.சி.யோடு வெப்பக்காற்றால் உருக்கி இணைக்கலாம். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் இடங்களில் துண்டுகளை இணைப்பது இம்முறையில்தான். மதுரையில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஃபிளெக்ஸ் கடைக்கு வராது. பட்டையும் ஹூட்டும் பி.வி.சி. பூச்சு உள்ளவையாக இருந்தால், பட்டையின் வெளி விளிம்பை இப்படி உருக்கி அமர்த்துவது தண்ணீருக்கு நல்ல தடுப்பு. ஆனால் ஒளி ஊடுருவும் ஷீட்டின் பக்கம் இந்தக் காற்றைக் காட்டினால் நொடியில் அலை அலையாகச் சுருங்கிவிடும். பழகாத கையிடம் இந்த வேலையைக் கொடுக்காதிருப்பது நல்லது. கேன்வாஸ் ஹூட்டுக்கு இம்முறை பொருந்தவே பொருந்தாது.

தையலுக்கு வருவோம். ஹூட்டை வண்டியில் வைத்துக்கொண்டே தைக்க முயலாமல், கழற்றிச் சுத்தமான பாய்மேல் விரித்துச் செய்வதே முறை. கழற்றுமுன் ஒவ்வொரு வாரும் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூலைப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, மெல்ல உருவி எடுக்க வேண்டும். பட்டையைப் பிடித்துக் கிழித்தால் துளைகள் நீண்டு கிழிசலாகிவிடும். பட்டை முழுதாக வந்தால் அதை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், புதிய பட்டை வெட்ட அதுவே அளவு. துடைப்பதற்கு முதலில் சோப்புத் தண்ணீர் போதும். பிறகு ஒட்டும் பரப்புகளை மட்டும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல் இரண்டும் ஷீட்டின் அருகேகூட வரக்கூடாது. அவை பட்ட இடம் மங்கிப்போனால் திரும்பத் தெளியாது.

ஷீட் பழுப்பேறியோ, மடிப்பில் வெடித்தோ இருந்தால், பிரித்திருக்கும்போதே புதியது போட்டுவிடுவது சிக்கனம், ஏனென்றால் கூலி இரண்டு முறை ஆகாது. சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் தெளிவான ஷீட்டைக் காட்டி இதுவே போதும் என்பார்கள். அது வீட்டுக்குள் இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத ஷீட், திறந்த வெளியில் விரைவாக மஞ்சளாகி நொறுங்கும். வண்டி ஹூட்டுக்கோ படகுக்கோ என்று தயாரிக்கப்பட்ட ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள், தடிமன் 0.75 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இருப்பது நடைமுறை. சுருட்டி வைத்திருந்ததை வாங்கினால் ஒரு நாளாவது சமதளத்தில் விரித்துப் போட்டுச் சுருளை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வேலையைக் காலைக் குளிரிலோ ஏ.சி. அறையிலோ செய்யாதிருப்பதும் முக்கியம். குளிர்ந்திருக்கும்போது அளவெடுத்துத் தைத்த ஷீட் வெயிலில் விரிந்து தொய்யும். ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும்போது தைத்தது குளிரில் இறுகி நிற்கும். நம் ஊரில் முற்பகல் நிழலே இதற்குப் பொருத்தமான வெப்பம்.

ஜன்னலின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் இந்தச் சந்தர்ப்பத்தில் அவற்றை வளைவாக மாற்றிவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் கூர்மையான மூலையில்தான் கிழிசல் தொடங்கும். வளைவில் பட்டை சுருக்கமின்றிப் படிய வேண்டுமானால், கேன்வாஸ் பட்டையைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும். ரெக்ஸின் பட்டைக்கு உள் விளிம்பில் சிறு சிறு வெட்டுகள் கொடுத்தால் திரும்பும். துண்டுகளை இடம் நகராமல் நிறுத்தக் குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வழி. 6 மி.மீ. அகலமுள்ள இருபுறமும் ஒட்டும் டேப்பைத் தையல் கோட்டுக்கு வெளியே ஒட்டி நிறுத்துவதே வசதி.

நூல்தான் எல்லாவற்றிலும் மலிவான பொருள், அதில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும். நைலான் வலிமையானதுதான், ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிட விரைவாகத் தளர்ந்துவிடும். புறஊதாக் கதிரைத் தாங்கும்படி பதப்படுத்திய பாண்டட் (புரிகள் பிரியாமல் பிணைத்த) பாலியஸ்டர் நூல், டெக்ஸ் 90 என்ற தடிமன் அளவில், இந்த வேலைக்கு ஏற்றது. ஊசி 18ஆம் எண்ணைச் சுற்றி இருந்தால் போதும். தையல் நீளம் 5 மி.மீ. அளவுக்கு இருக்கட்டும், நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைத்து 2 மி.மீ.க்கு ஒரு குத்து விழுந்தால், ஷீட்டின் ஓரம் தபால்தலையின் ஓரம்போலத் துளைகளாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். இதே காரணத்தால் பழைய துளைகளிலேயே புதிய நூல் விழுவது மிக நல்லது. இயந்திரத்தில் அது முழுமையாக அமையாது. பொறுமை இருந்தால் குத்தூசியும் இரண்டு ஊசிகளும் கொண்டு, தோல் வேலை செய்பவர்கள் தைப்பதுபோல ஒரே துளையில் இருபுறமிருந்தும் நூலைச் செலுத்திக் கையால் தைக்கலாம். மெதுவான வேலை, ஆனால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. பழைய ஷீட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால் கைத்தையலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இயந்திரத்தில் தைப்பதானால் வீட்டுத் தையல் இயந்திரம் ஆகாது. மதுரைப் புது மண்டபத்தில் தலைமுறைகளாக உட்கார்ந்து தைத்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்கள் துணி வேலையில் கெட்டிக்காரர்கள். எனினும் அவர்களுடைய இயந்திரம் மூன்று அடுக்கு ரெக்ஸினையும் ஷீட்டையும் சேர்த்து இழுக்காது. மேல் பாதமும் துணியோடு சேர்ந்து நகரும் கனரக இயந்திரம் வேண்டும், அது ஹூட் தைப்பவர்களிடமும் நல்ல சீட் கவர் கடைகளிலும் இருக்கும். லாரி தார்ப்பாய் தைப்பவர்களிடமும் கனமான இயந்திரம் உண்டு, ஆனால் அவர்களுடைய தையல் கரடுமுரடானது, தெளிவான ஷீட்டைக் கையாளும் பழக்கமும் குறைவு. ஆட்டோ ஹூட் தைப்பவரையே நான் முதலில் தேடுவேன். இயந்திரத்தின் பாதம் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு தையல் சீரற்று விழுந்தால், மேலே பட்டர் பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுத்துவிடலாம். மேல் விளிம்பின் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போய், அடுத்து கீழ் விளிம்பை அதேபோல முடித்து, பக்கவாட்டை இறுதியில் தைத்தால் சுருக்கம் விழாது. ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் முடியும் மூலையில் ஷீட் மிஞ்சி உப்பிநிற்கும். தைத்து முடித்தபின் வெளிப்புறத் தையல் வரிசைமேல் தையல் அடைக்கும் திரவத்தை மெல்லிய கோடாக விட்டு, முழுவதும் காயும்வரை ஹூட்டை மடிக்காமல் வைத்திருங்கள். முதல் முறை மாட்டும்போது கொக்கிகளை ஒரு துளை தளர்த்தியே மாட்டிச் சில நாள் ஓட்டுங்கள்.

மாருதி ஜிப்சியின் சாஃப்ட் டாப்புக்கும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். 2020இல் வந்த புதிய தாரின் துணிக்கூரையாக இருந்து, உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால் ஊசியைத் தொடாமல் விற்பனையாளரிடமே முதலில் கொண்டுபோகச் சொல்வேன்.

இதைப் படிக்கும் வேறு சிலரிடம் கண்ணாடிப் பின் ஜன்னல் உள்ள வெளிநாட்டுத் துணிக்கூரைக் கார் இருக்கலாம். அவர்களுக்கு வைத்தியம் வேறு. மாஸ்டா எம்.எக்ஸ். 5இன் முதல் தலைமுறையில் ஜிப்புடன் கூடிய பிளாஸ்டிக் ஜன்னலும், அடுத்த தலைமுறையில் கண்ணாடியும் வந்தன. போர்ஷே பாக்ஸ்டரும் 2003 மாடலில் பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடிக்கு மாறியது. இந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் துணியோடு ஒட்டப்பட்டவை. அங்கே பட்டையோ வளையமோ விலகினால், ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நூலுக்கு அங்கே வேலையில்லை. முன் கண்ணாடி ஒட்டப் பயன்படும் பாலியூரிதேன் பசையையும் அதற்குரிய பிரைமர் என்னும் அடிப்பூச்சையும் கொண்டுதான் செய்ய வேண்டும். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே இறுகுவது. மிதமான வெப்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம் என்பதால், குறைந்தது இரண்டு நாள் கூரையைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். புறஊதாக் கதிர் அந்தப் பசையைச் சிதைக்கும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை அச்சிடப்பட்டிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று என்பதால், பசை அந்தக் கறுப்புக்கு உள்ளேயே அடங்க வேண்டும். ஒட்டுமுன் பனிநீக்கக் கம்பிகளின் இணைப்பைக் கழற்றிவிடுவதும், கண்ணாடியின் விளிம்பில் திருப்புளி படாமல் பார்த்துக்கொள்வதும் மிக அவசியம். பின் கண்ணாடி டெம்பர்ட் கண்ணாடி, நடுவில் தட்டினால் தாங்கும், விளிம்பில் பட்டால் முழுவதும் பொடியாகும். சில பழைய கார்களில் கண்ணாடியை ரப்பர் பீடிங் பிடித்திருக்கும், அதன் பள்ளத்தில் ஒரு லாக் பட்டை செருகப்பட்டிருக்கும். பீடிங்கின் உதட்டுக்குள் கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, கயிற்றை உள்ளிருந்து இழுத்து உதட்டைச் சட்டத்தின் விளிம்பில் ஏற்றும் அந்த வித்தை, அம்பாசடர் கண்ணாடியும் பஸ் கண்ணாடியும் மாட்டிய பழைய கைகளுக்கு நன்றாகத் தெரியும்.

கறுப்பு ஷீட் பற்றிய கேள்வி: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்கிறது, கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடைசெய்ததும் இந்த விதியின் அடிப்படையில்தான். உங்களுடையது கண்ணாடியல்ல, பிளாஸ்டிக் ஷீட் என்ற வாதம் சோதனைச் சாவடியில் எடுபடும் என்று நான் நம்பவில்லை. அதைவிட, இரவில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடியாமல் ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஓட்டுவது சட்டம் இல்லாவிட்டாலும் செய்யத்தக்கதல்ல.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு, ஒன்று உப்புத் தண்ணீர், மற்றது புழுதி. போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் ஷீட்டில் வெண்புள்ளிகள் படிந்து நாளடைவில் தேய்த்தாலும் போகாது; கழுவிய கையோடு ஈரத்தை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். புழுதியை உலர்ந்த துணியால் துடைப்பது ஷீட்டை மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம், எப்போதும் முதலில் தண்ணீர் விட்டுத்தான் துடைக்க வேண்டும். ரெக்ஸின் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது புழுதியைப் பிடித்து வைக்கும். கொடைக்கானலுக்குப் போனால், அதிகாலைக் குளிரில் ஜன்னலைச் சுருட்டாதீர்கள். குளிரில் விறைத்த பி.வி.சி. மடிப்பில் வெடிக்கும், வெயில் ஏறியபின் சுருட்டினால் ஒன்றும் ஆகாது.

எப்போது செய்வது என்றால், ஐப்பசி மழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுவது நல்லது. மழை பிடித்தபின் பசையும் அடைப்புத் திரவமும் காய இடமே கிடைக்காது, ஹூட் தைப்பவர்களிடமும் கூட்டம் சேர்ந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க, பிரிந்த பட்டையை அதன் இடத்தில் அமர்த்தி, பட்டையையும் ஹூட்டையும் சேர்த்து நான்கு விரற்கடைக்கு ஒன்றாகக் கைத்தையல் போட்டு, பழைய துளைகளிலேயே முடிச்சிட்டு வையுங்கள். வெளியே டேப் ஒட்ட வேண்டியிருந்தால் மழை நின்றதும் எடுத்துவிடுங்கள், வெயிலில் பல நாள் கிடந்த டேப்பின் பசை ரெக்ஸினில் தங்கிவிடும்.

ஹூட்டை மாற்ற வேண்டுமா என்பதைப் பட்டையைப் பிரித்தபின் முடிவுசெய்யுங்கள். பழைய ஊசித்துளைகளின் ஓரத்தை இரு கைப் பெருவிரலாலும் பிடித்து எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். துளை நீண்டு, கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தால் ரெக்ஸினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. துளையிலிருந்து துளைக்குக் கிழிசல் ஓடினாலோ, மேல்பூச்சு உரிந்து உள்ளிருக்கும் வலைத்துணி தெரிந்தாலோ, அதில் எந்த நூலும் நிற்காது, புதிய ஹூட்டுக்கே பணத்தைச் செலவிடுங்கள். அப்படிப் புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது, ஜன்னலை ஹூட்டோடு சேர்த்துத் தைக்காமல் சுற்றிலும் ஜிப் வைத்துத் தனியாகக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை ஷீட் பழுத்தால் அந்தப் பலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.